யாருக்கு எழுதுகிறோம்? ஒரே செய்தியை ஆளுக்கேற்ற நடையில் எழுதும் முறை

தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் மனுக்களை வாங்கிப் படித்துப் பாருங்கள். குறை உண்மையாக இருக்கும், கேட்பதும் நியாயமாக இருக்கும். ஆனால் என்ன கேட்கிறார்கள் என்பதை இரண்டாம் பக்கம் வரை தேடவேண்டியிருக்கும். முதல் பக்கம் முழுக்க ஊரின் கதை, அடுத்து யார் யாரிடம் நடந்தோம் என்ற கதை, கடைசி வரியில் "ஆவன செய்யுமாறு". அதே ஊரின் குழாயடிச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும்: "ஃபுளூரைடு மிகுந்த நீரைப் பருகுவதைத் தவிர்க்கவும்." குடத்தோடு நிற்கும் பெண்கள் ஒரு முறை பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள். அதிகாரியிடம் ஊர்க்கதை பேசுகிறோம், ஊராரிடம் அலுவலகத் தமிழ் பேசுகிறோம். இரண்டு இடத்திலும் காரியம் நடப்பதில்லை.

இதைச் சரிசெய்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. மனு எழுதித் தருபவர்கள், சுய உதவிக்குழுவில் கணக்கும் கடிதமும் பார்ப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஊருக்காக நோட்டீஸ் அடிக்கும் இளைஞர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முழுவதற்கும் ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்வோம்: குடிதண்ணீரில் ஃபுளூரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் இது பழைய வேதனை. பாறையில் இருக்கும் ஃபுளூரைடு என்ற உப்பு நிலத்தடி நீரில் கரைந்து ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் வழியாக மேலே வருகிறது. பல வருடம் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் காவிக் கறை படியும். பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் வலித்து விறைத்துப் போகும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாய் எட்டாத தெருவும், தண்ணீர் பற்றாத நாளும் இருக்கும்வரை போர் தண்ணீரைக் குடிப்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதவேண்டிய தேவையும் இருக்கும்.

பாலக்கோடு பக்கம் ஒரு ஊர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரில் இரண்டு டேங்க். கோயில் பக்கத்து டேங்குக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. பள்ளிக்கூடத் தெருவில் இருக்கும் 140 குடும்பங்களுக்குப் போர் தண்ணீர்தான். ஊரும் எண்களும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. ஃபுளூரைடு பற்றிச் சொல்வது மட்டும் உள்ளபடியே.

படி 1: மாறக்கூடாததைத் தனித்தாளில் எழுதுங்கள்

நடையை மாற்றுவது என்றாலே சிலர் செய்தியையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். அதிகாரிக்கு எழுதும்போது பாதிப்பைக் கூட்டுவது, ஊராரிடம் சொல்லும்போது பயம் வரட்டும் என்று ஊதுவது, நிதி கேட்கும்போது நோயாளி எண்ணிக்கையை உயர்த்துவது. இதைச் செய்யவே கூடாது. ஒரு இடத்தில் 40 பிள்ளைகள், இன்னொரு இடத்தில் 100 பிள்ளைகள் என்று எழுதிய இரண்டு தாளும் என்றைக்காவது ஒரே மேசைக்கு வரும். அன்றோடு அந்த ஊர் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அதனால் முதல் வேலை, யாருக்கும் காட்டாத ஒரு தாள். நம் எடுத்துக்காட்டுக்கு அதில் இவை இருக்கும்:

ஆய்வகத்தில் சோதித்தபோது பள்ளிக்கூடத் தெரு போர் தண்ணீரில் லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் ஃபுளூரைடு. இந்தியத் தர அளவுப்படி 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும், சாதாரண கேண்டில் ஃபில்டரில் ஊற்றினாலும் போகாது. ஆர்.ஓ. கருவியில் குறையும். நிலைப்பற்கள் உருவாகும் வயது, ஏறக்குறைய எட்டு வயது வரை, பல்லுக்கு மிக முக்கியம். படிந்த கறை பல் விளக்கிப் போகாது. குளிக்க, துணி துவைக்க அந்தத் தண்ணீரால் கெடுதல் இல்லை. மழைநீரில் ஃபுளூரைடு இல்லை என்றே சொல்லலாம். கேழ்வரகு, கீரை, பால் போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள உணவு பாதிப்பைக் குறைக்க உதவும். அதோடு ஊர் விவரம்: பள்ளிக்கூடத் தெருவில் 140 குடும்பங்கள், கோயில் டேங்கிலிருந்து தெருவுக்கு சுமார் 600 மீட்டர், கோயில் டேங்கில் தண்ணீர் விடுவது காலை 7 மணி, தண்ணீர் பற்றாவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலிடம்.

இனி யாருக்கு எழுதினாலும் இந்தத் தாளிலிருந்து மட்டும்தான் எடுக்கவேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்பதெல்லாம் ஆளைப் பொறுத்தது. தாளில் இல்லாத ஒன்று எந்த வடிவத்திலும் நுழையக்கூடாது.

படி 2: படித்து முடித்ததும் அவர் என்ன செய்யவேண்டும்?

வாசகர் யார், வயது என்ன, படிப்பு என்ன என்று பட்டியல் போடச் சொல்வார்கள். அது தேவைதான். ஆனால் அதையெல்லாம்விட இந்த ஒரு கேள்வி அதிக வேலை செய்யும் என்பது என் உறுதியான எண்ணம். தாளைக் கீழே வைத்தபிறகு அவர் செய்யவேண்டிய காரியம் எது?

குழாயடியில் நிற்கும் அக்கா, குடிக்கிற குடத்தைக் கோயில் டேங்கில் பிடிக்கவேண்டும். ஆட்சியர் அலுவலகத்துப் பிரிவு எழுத்தர், மனுவைச் சரியான துறைக்கு அனுப்பவேண்டும். பொறியாளர், குழாயை நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு போடவேண்டும். ஆறாம் வகுப்புப் பையன், பாட்டிலில் எந்தத் தண்ணீரை நிரப்புவது என்று தெரிந்துகொள்ளவேண்டும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் மனிதவள மேலாளர், பள்ளிக்கூடத்துக்கு ஆர்.ஓ. கருவி வாங்கித் தரலாமா என்று தன் மேலிடத்தில் பேசவேண்டும்.

செய்யவேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதித் தாளின் தலையில் வையுங்கள். அந்தக் காரியத்துக்கு உதவாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டுங்கள். ஃபுளூரைடு எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்பது குழாயடி அக்காவுக்கு வேண்டாம். பொறியாளருக்கும் வேண்டாம், அவருக்கு அது தெரியும். அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அது வேண்டும், அதுவும் ஆசையாக.

படி 3: பெறுநர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர்

மனு எழுதும்போது பலரும் கவனிக்காத இடம் இது. பெறுநர் என்று "மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்" என எழுதுகிறோம். ஆட்சியர் அதைக் கையில் வாங்கி, மேலோட்டமாகப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் துறை அலுவலரிடம் தருவார். மனு கணினியில் பதிவாகி எண் பெறும். பிறகு ஊரக வளர்ச்சித் துறைக்கோ குடிநீர் வடிகால் வாரியத்துக்கோ போகும். அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகம். அங்கே ஒருவர் அதை மெதுவாக, முழுதாகப் படித்து, "மனுதாரருக்கு இவ்வாறு பதில் அளிக்கலாம்" என்று எழுதுவார். உங்கள் மனுவின் உண்மையான வாசகர் அவர்தான்.

அவருக்கு உங்கள் ஊர் எந்த ஊராட்சியில் வருகிறது என்று தெரியவேண்டும். எந்தத் தெரு, எந்த டேங்க், என்ன கோரிக்கை, என்ன ஆதாரம். "கண்ணீரோடு காலில் விழுந்து கேட்கிறோம்" என்ற வரியை வைத்துக்கொண்டு அவரால் குறிப்பு எழுத முடியாது. "கோயில் டேங்கிலிருந்து பள்ளிக்கூடத் தெருவுக்கு சுமார் 600 மீட்டர் குழாய் நீட்டிக்கக் கோருகிறோம்" என்ற வரியை அவர் அப்படியே தன் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வாக்கியத்தை மனுவில் தயாராக வைப்பது பெரிய உதவி. அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்.

ஊருக்குள்ளும் இப்படித்தான். நோட்டீஸைப் பள்ளிப் பிள்ளை வாங்கி வந்து பாட்டிக்குப் படித்துக் காட்டும். அப்போது உங்கள் வாசகர் இரண்டு பேர்: வாய்விட்டுப் படிக்கும் பிள்ளை, காதால் கேட்கும் பாட்டி. நீளமான வாக்கியத்தில் பிள்ளை திக்கும், பாட்டிக்குக் கேட்பதில் பொறுமை போய்விடும். ஒரே மூச்சில் படிக்க முடியாத வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

படி 4: அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும்?

தெரிந்ததைச் சொன்னால் அவமதிப்பு, தெரியாததை விட்டால் குழப்பம். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரரிடம் பெங்களூரா என்பது மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் ரகம் என்று விளக்கத் தொடங்கினால் அவர் அடுத்த வரியைப் படிக்கமாட்டார். சென்னையிலிருந்து செய்தி சேகரிக்க வந்தவருக்கோ அந்த ஒரு வரி இல்லாமல் விலைப் பிரச்சினையே விளங்காது.

ஃபுளூரைடு விஷயத்தில் ஊராருக்கு நிறையவே தெரியும். எந்தப் போர் தண்ணீர் ருசி, எது சப்பை, எதில் பருப்பு வேகாது என்பதெல்லாம் அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. அங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கிறது. உப்புத் தண்ணீரை நாக்கு காட்டிக்கொடுக்கும். இந்த அளவு ஃபுளூரைடை நாக்கு காட்டிக்கொடுக்காது. "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்று அவர்கள் சொல்வதில் தவறே இல்லை. ஆகவே எழுதும்போது அவர்கள் அறிவை மறுக்காமல், "ருசியில தெரியாது, நிறத்திலயும் தெரியாது, சோதிச்சாத்தான் தெரியும்" என்று அதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்போடு எழுதிய நோட்டீஸ், முதல் வரியிலேயே அந்த நினைப்பைக் காட்டிவிடும்.

படி 5: எந்தத் தமிழில் எழுதுவது

நமக்கு ஒரு தமிழ் பேச, ஒரு தமிழ் எழுத. எழுதுகிற தமிழுக்குள்ளேயும் அலுவலகத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று. பள்ளியில் கற்றுத் தந்தது ஒன்றே என்பதால் பேனாவை எடுத்ததும் கை தானாகவே அந்த ஒன்றுக்குப் போய்விடுகிறது.

மனுவில் ஆழ்துளைக் கிணறு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, குடிநீர் இணைப்பு என்றே எழுதுங்கள். அலுவலகப் பதிவேட்டில் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. குழாயடி நோட்டீஸில் போர், டேங்க், பைப்பு. அங்கே "மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி" என்று எழுதினால் எந்த டேங்க் என்று கேட்பார்கள். "கோயில் டேங்க்" என்றால் கேள்வியே வராது. ஊரில் வழங்கும் இடப்பெயரை எழுதுவது, எளிய நடையைவிடப் பெரிய பலன் தரும்.

பேச்சுத் தமிழில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அது நீங்களும் பேசும் பேச்சாக இருக்கவேண்டும். மலைக்கிராமத்து மக்களின் பேச்சை வெளியூர்க்காரர் காதால் கேட்டு எழுத்தில் போலி செய்தால் கேலி செய்வது போல இருக்கும். உங்களுக்கு வராத பேச்சை எழுதாதீர்கள். சிறு வாக்கியத்தில் எளிய எழுத்துத் தமிழ் போதும், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள் அங்கே ஏராளம். கடையில், பேருந்தில் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் தமிழ் எழுத்தைப் படித்துப் பழகியிராதவர்கள் பலர். அவர்களுக்கு அடர்த்தியான பத்தி வேண்டாம். படம், நேரம், இடம், இரண்டு வரி. அதையே அந்தந்த மொழியில் அந்த ஊர்க்காரர் ஒருவர் பேசி வாட்ஸப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் இன்னும் நல்லது.

படி 6: நாமா, நாங்களா?

தமிழ் நமக்குத் தந்திருக்கும் அருமையான வசதி இது. "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். "நாம்" என்றால் அவரும் உள்ளே. மனுவில் "நாங்கள்" தான் சரி. கேட்பது ஊர், காது கொடுப்பது அரசு. ஊர் நோட்டீஸில் "நாங்கள் உங்களுக்குத் தெரிவிப்பது" என்று தொடங்கினால் எழுதியவர் வேறு, ஊர் வேறு என்று ஆகிவிடும். "நம்ம தெரு போர் தண்ணி" என்று தொடங்குங்கள். எழுதுபவர் வெளியூர்க்காரராக இருந்தால் மட்டும் "நம்ம" போடவேண்டாம். சொந்தம் இல்லாதவர் சொந்தம் கொண்டாடுவது எழுத்தில் உடனே தெரியும். பத்திரிகைக் குறிப்பில் இரண்டும் வேண்டாம், "இப்பகுதி மக்கள்" என்று எழுதுங்கள்.

அடுத்து ஏவல். "குடிக்கவேண்டாம்", "குடிக்காதீர்கள்", "குடிக்காதீங்க", "குடிக்க வேண்டாங்க", "பருகுவதைத் தவிர்க்கவும்" எல்லாம் ஒரே பொருள்தான், ஆனால் பேசுபவர் நிற்கும் இடம் வேறு. "தவிர்க்கவும்" என்பதில் ஆளே இல்லை, பலகை பேசுகிறது. மின்மாற்றியின் மேல் அது பொருந்தும். வீட்டுப் பெண்களிடம் "வேண்டாங்க" என்ற சொல்லில் மரியாதையும் அக்கறையும் ஒன்றாக வருகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் "நீங்க" என்றே எழுதுங்கள். எழுத்தில் மரியாதை கிடைத்த பிள்ளை அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகும்.

படி 7: எழுதிப் பார்ப்போம்

முதலில் மனு.

பொருள்: பள்ளிக்கூடத் தெரு – ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம் – ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயை நீட்டிக்கக் கோருதல் – தொடர்பாக.

"ஐயா, எங்கள் தெருவில் 140 குடும்பங்கள் வசிக்கிறோம். குடிக்கவும் சமைக்கவும் பள்ளி அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்துகிறோம். ஆய்வில் இந்நீரில் லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் ஃபுளூரைடு இருப்பது தெரியவந்துள்ளது (அறிக்கை நகல் இணைப்பு 1). அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1.5 மில்லிகிராம். எங்கள் ஊர்க் கோயில் அருகிலுள்ள மேல்நிலைத் தொட்டிக்கு ஒகேனக்கல் குடிநீர் வருகிறது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு சுமார் 600 மீட்டர் குழாய் நீட்டித்துத் தர வேண்டுகிறோம். பணி முடியும்வரை கோயில் தொட்டியின் கீழ் எங்கள் தெருவுக்கென இரண்டு பொதுக் குழாய்கள் அமைத்துத் தர வேண்டுகிறோம்."

இவ்வளவுதான், அரைப் பக்கம். இரண்டாவது கோரிக்கையைக் கவனியுங்கள். 600 மீட்டர் குழாய்க்கு மதிப்பீடு, நிதி, ஒப்பந்தப்புள்ளி என்று மாதங்கள் ஆகும். பொதுக் குழாய் சின்ன வேலை, விரைவில் முடியும். படிப்பவரால் உடனே செய்யக்கூடிய ஒன்றையும் கேட்பது மனுவின் தொனியையே மாற்றுகிறது. குற்றம் சாட்டும் தாளாக இல்லாமல் சேர்ந்து வேலை செய்ய வந்த தாளாக ஆகிறது. பிள்ளைகளின் பாதிப்பைச் சொல்லவேண்டும் என்று தோன்றினால், பள்ளியில் பல் மருத்துவர் பார்த்த விவரத்தை இணைப்பு 2 ஆக வையுங்கள். மனுவுக்குள்ளேயே அதை விவரிக்க வேண்டாம்.

கிராம சபையில் இதுவே தீர்மானமாகும்போது நடை இன்னும் சுருங்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தண்ணீர் விஷயத்துக்கு உலக தண்ணீர் நாளான மார்ச் 22 பொருத்தமான நாள். "பள்ளிக்கூடத் தெருவுக்கு ஒகேனக்கல் குடிநீர்க் குழாயை நீட்டிக்க வட்டார வளர்ச்சி அலுவலரைக் (கிராம ஊராட்சி) கேட்டுக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இங்கே "தீர்மானிக்கப்பட்டது" என்ற நடைதான் சரி, ஏனென்றால் பேசுவது தனி ஆள் இல்லை, சபை. இதே "பட்டது" நடையை நோட்டீஸில் எழுதினால் உயிர் போய்விடும். தீர்மான நகலை மனுவோடு வைத்தால் மனுவுக்குப் பலம்.

இனி குழாயடி நோட்டீஸ்.

"பள்ளிக்கூடத் தெரு போர் தண்ணிய குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாங்க. குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ எடுக்கலாம். காய்ச்சினாலும் வடிகட்டினாலும் அதுல இருக்குற கெடுதல் போகாது. குடிக்க, சோறாக்க, களி கிண்ட கோயில் டேங்க் தண்ணி எடுங்க. காலையில 7 மணிக்கு விடுவாங்க. தண்ணி பத்தலைன்னா, எட்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களுக்கும் கர்ப்பிணிப் பெண்களுக்கும் முதல்ல எடுத்து வைங்க."

ஃபுளூரைடு என்ற சொல்லே இதில் இல்லை. வேண்டுமானால் அடியில் சிறிய எழுத்தில் "இந்தத் தண்ணியில ஃபுளூரைடு அளவுக்கு மேல இருக்கு" என்று போடலாம். முதல் வரியில் செய்யக்கூடாதது, உடனே இரண்டாம் வரியில் செய்யக்கூடியது. அந்த இரண்டாம் வரி இல்லாவிட்டால் போரை மூடச் சொல்கிறார்கள் என்று புரளி கிளம்பும். காய்ச்சுவது பற்றிய வரி கட்டாயம் வேண்டும். காய்ச்சினால் எல்லாம் சரியாகும் என்றுதான் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம், அக்கறையுள்ள தாய்தான் முதலில் அதைச் செய்வாள். "களி கிண்ட" என்ற சொல் இந்தப் பக்கத்துச் சமையலறைக்கு நேராகப் போகும். கேழ்வரகு மாவு நிறையத் தண்ணீர் குடிக்கும், ஆகவே சமையல் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்வதைவிடக் களி என்று சொல்வது வேலை செய்யும்.

கம்பெனிக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம். ஆதாரமும் செலவும் முதல் பாதியில். இரண்டாம் பாதி முழுக்க, கருவி வந்தபிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது: மெம்பிரேன் (கருவிக்குள் தண்ணீரை வடிக்கும் சவ்வு) மாற்றும் செலவு யாருடையது, மின்கட்டணம் யார் கட்டுவது, கழிவுநீர் எங்கே போகும். கொடுப்பவரின் மனதில் இருக்கும் பயம், கருவி ஒரு வருடத்தில் தூசி படிந்து நிற்குமோ என்பதுதான். கேட்கும் முன்னே அதற்குப் பதில் சொல்லிவிடுங்கள்.

படி 8: தொனி

பிள்ளைகளுக்கு எழுதும்போதுதான் தொனி மிகவும் முக்கியம். விழிப்புணர்வு என்ற பெயரில் கறை படிந்த பல்லைப் பெரிய படமாகப் போட்டு, கீழே "கோரப் பற்கள்" என்று எழுதிய நோட்டீஸை நினைத்துப் பாருங்கள். அந்த வகுப்பிலேயே அதே பல்லோடு பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்பிள்ளைகளை இந்த மாவட்டப் பள்ளிகளில் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரும் நம் வாசகர்தான் என்பதை மறந்தால் எழுத்து காயப்படுத்தும்.

அவர்களுக்கு இப்படி எழுதலாம்: "உங்க பல்லுல காவி நிறத்துல கோடோ புள்ளியோ இருந்தா, அது நீங்க சரியா பல் விளக்காததால வந்தது இல்ல. சின்ன வயசுல குடிச்ச தண்ணியால வந்தது. உங்க மேல தப்பு இல்ல. தேய்ச்சுத் தேய்ச்சு ஈறைப் புண்ணாக்கிக்காதீங்க. பல் டாக்டர்கிட்ட காட்டினா வழி சொல்லுவாங்க. உங்க தம்பி, தங்கச்சிக்கு இது வராம நீங்க பார்த்துக்கலாம்: அவங்க குடிக்கிற தண்ணி கோயில் டேங்க் தண்ணியான்னு பாருங்க." பாதிப்புக்கு ஆளான பிள்ளைக்கு ஒரு வேலையும் ஒரு பொறுப்பும் கிடைக்கிறது.

பெரியவர்களுக்கு எழுதும்போது கோபம் வரும். வருவது நியாயம். ஆனால் எவ்வளவு கோபத்தைக் காட்டலாம் என்பது எதிரில் இருப்பவருக்கும் நமக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. இதில் நம் தகடூரில் (தருமபுரியின் பழைய பெயர்) வாழ்ந்த ஔவையாரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. தகடூர் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக அவர் காஞ்சி அரசன் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவையார் மிரட்டவில்லை. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். கேட்டால் புகழ்ச்சி, நினைத்தால் எச்சரிக்கை. பகை அரசனின் மாளிகையில் நின்று பேசத் தகுந்த தொனி அதுதான். அதே ஔவையார், பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாசலில் நின்று வாயிற்காவலனிடம் பேசும்போது ஒளிவுமறைவே இல்லை. எந்தத் திசை போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். இரண்டுமே புறநானூற்றில் இருக்கின்றன. அந்நியனிடம் பணிவுக்குள் கூர்மை, நெருங்கியவனிடம் வெளிப்படையான கோபம். நெருக்கம்தான் அந்த உரிமையைத் தந்தது.

இதை அப்படியே நம் வேலைக்குக் கொண்டுவரலாம். முன்பின் அறியாத அதிகாரிக்குத் தேதியும் மனு எண்ணும் போட்டு, "கடந்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டுகிறோம்" என்று எழுதினால் அதற்குள் போதுமான கூர்மை இருக்கிறது. ஆச்சரியக்குறி வேண்டாம். உங்களோடு ஒரே பள்ளியில் படித்த ஊராட்சிச் செயலருக்கு வாட்ஸப்பில் "அண்ணா, மூணு வாரமா பிள்ளைங்க அதே தண்ணியத்தான் குடிக்குது, என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்று நேராகக் கேட்கலாம்.

ஊர் வாட்ஸப் குழுவில் "அதிகம் பகிரவும்", "உங்கள் குழந்தைக்கு ஆபத்து" என்ற தொனி வேண்டவே வேண்டாம். பயம் ஒரு நாள் பரவும், மறுநாள் அடங்கும். நேரமும் இடமும் சொன்ன செய்தியை மக்கள் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள்.

படி 9: அச்சுக்குப் போகும் முன்

எழுதியதை அந்த வாசகரைப் போன்ற ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். முடிந்ததும் "புரிஞ்சுதாங்க?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் யாரும் புரியவில்லை என்று சொல்லி உங்கள் மனதை நோகடிக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக, "பக்கத்து வீட்டு அக்கா கேட்டா இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாமல், அவர் வாயில் வந்த சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் வாக்கியத்தைவிட அவர் வாக்கியம் சின்னதாக, நேராக இருக்கும். அதை எடுத்து நோட்டீஸில் போட்டுவிடுங்கள்.

அவர் விட்டுவிட்ட விஷயம் எது என்றும் பாருங்கள். காய்ச்சுவது பற்றிய வரியை அவர் சொல்லாமல் விட்டால் அது நடுவில் புதைந்திருக்கிறது என்று பொருள், மேலே கொண்டுவாருங்கள். நீங்கள் சொல்லாத ஒன்றை அவர் சேர்த்துச் சொன்னால், உதாரணமாக "அந்தத் தண்ணியில குளிச்சா கூட ஆகாதாம்" என்றால், எந்தச் சொல் அப்படி நினைக்கவைத்தது என்று அவரையே கேட்டு மாற்றுங்கள். மனுவைச் சோதிக்க, அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கொடுத்து, "இதுல என்ன கேக்குறோம்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் விரல் தாளில் எங்கே தேடுகிறது என்பதைப் பாருங்கள். இரண்டாம் பத்திக்குக் கீழே போனால் கோரிக்கையை மேலே ஏற்றுங்கள்.

எல்லா வடிவத்தையும் படி 1-இல் எழுதிய தாளோடு கடைசியாக ஒரு முறை ஒப்பிடுங்கள். எண், தேதி, நேரம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கவேண்டும். தாளின் மேல் ஆய்வறிக்கையின் தேதியைக் குறித்து வையுங்கள். மழைக்குப் பிறகும் கோடையிலும் போர் தண்ணீரின் ஃபுளூரைடு அளவு மாறக்கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மறுபடி சோதித்து அறிக்கை வாங்கியதும் முதலில் அந்தத் தாளைத் திருத்துங்கள், பிறகு மனு, பிறகு நோட்டீஸ். குழாயடியில் ஒட்டிய பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுத்தான் புதியதை ஒட்டவேண்டும்.